பொருந்துகிறது, ஆனால் ஓடவில்லை: பின்களின் ஒரு சிறு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு படியுங்கள். வீட்டில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

இப்போதெல்லாம் உங்களில் பலரிடமிருந்து ஒரே மாதிரி போன் வருகிறது. "சார், பையனுக்கு ஆர்டுயினோ கிட் வாங்கிக் கொடுத்தோம். சென்சார் தனியா ஓடுது. டிஸ்ப்ளே தனியா ஓடுது. சேர்த்து மாட்டினா ரெண்டுமே ஓடலை. போர்டு போயிடுச்சா சார்?"

பெரும்பாலும் போர்டு போயிருக்காது. பையனிடமும் குறை இல்லை. ஆனால் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு "எனக்கு இதெல்லாம் வராது" என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். கிட் பரணுக்குப் போய்விடுகிறது. என் கவலை அந்த முடிவைப் பற்றித்தான்.

இரண்டு மாட்யூல்கள் ஒரே பின்னைக் கேட்பதால் வருகிற தகராறு இது. இன்று நேற்று வந்ததில்லை, ஐம்பது வருடப் பழசு. பெரிய பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களே இதில் சிக்கித் தவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பின்னும் இருக்கிற இடத்தில் இருப்பதற்கு எப்போதோ யாரோ எடுத்த ஒரு முடிவு காரணம். அந்த முடிவு தெரிந்தால் தகராறைத் தீர்க்கும் வழியும் தெரிந்துவிடும்.

நம் ஊர்த் தண்டவாளம்

தாம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். கடற்கரை முதல் தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் வந்தது. அது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர். சென்ட்ரலில் இருந்து புறப்பட்ட வண்டிகளோ பிராட் கேஜ், 1.676 மீட்டர். எழும்பூரும் சென்ட்ரலும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒன்றின் வண்டி மற்றொன்றுக்குப் போக முடியாது. சரக்கு என்றால் இங்கே இறக்கி அங்கே ஏற்ற வேண்டும். இரண்டுமே நல்ல ரயில்பாதைகள்தான். தனித்தனியாகத் திட்டமிட்டார்கள், அவ்வளவுதான். நம் புறநகர்ப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓய்வு பெற்றது 2004-ல்.

இதில் பலருக்கும் தெரியாத இன்னொரு பாடமும் உண்டு. 1931-ல் மேலே போன கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். 1960-களில் அதை 25,000 வோல்ட் மாறு மின்னோட்டமாக மாற்றினார்கள். தண்டவாள அகலம் மாறவில்லை. ஆனாலும் பழைய வண்டி புதிய கம்பியின் கீழ் ஓடாது. சக்கரம் பொருந்தியது, மின்சாரம் பொருந்தவில்லை. ஆக, இரண்டு பொருட்களைச் சேர்க்கும்போது அளவும் பொருந்த வேண்டும், மின்னழுத்தமும் பொருந்த வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஒன்று பிறகு வருகிறது.

வீட்டுச் சுவரில் இருக்கும் புத்திசாலித்தனம்

நம் வீட்டு மூன்று பின் பிளக்கைப் பாருங்கள். 1934-ல் பிரிட்டனில் வந்த ஒரு தரநிலையின் வாரிசு அது. டேபிள் ஃபேனுக்கு ஒரு அளவு, கீசருக்குப் பெரிய அளவு. கீசர் பிளக் சின்ன சாக்கெட்டில் நுழையாது. மேலே இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் அதிகம். அதனால் சொருகும்போது அது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தப்பாகச் சொருக முடியாதபடி உருவமே காவல் காக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் மாட்யூல்களில் இந்தக் காவல் கிடையாது. ரிச்சி தெருவில் வாங்குகிற மாட்யூல்களில் பெரும்பாலானவற்றின் பின்களுக்கு இடையே இருப்பது ஒரே இடைவெளிதான்: 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. எதையும் எதிலும் சொருகலாம். இந்தத் துறை இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கும் அதுதான் காரணம், இவ்வளவு தலைவலிக்கும் அதுதான் காரணம். நான் சொன்ன மூன்றாவது பொருத்தம் இதுதான்: அந்தப் பின்னுக்கு இந்தப் பக்கம் என்ன அர்த்தமோ, அந்தப் பக்கமும் அதே அர்த்தம் இருக்க வேண்டும்.

1975: நூறு பின்கள், ஆளுக்கொரு அர்த்தம்

1975 ஜனவரி மாத அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட். உள்ளே வரிசையாக ஸ்லாட்டுகள், ஒவ்வொன்றிலும் 100 தொடுமுனைகள். அந்த எண்ணிக்கைக்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. 100 முனை கனெக்டர்கள் மலிவாகக் கிடைத்தன, அவ்வளவுதான். எஸ்-100 என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது.

மற்ற நிறுவனங்களும் அந்த ஸ்லாட்டுக்குக் கார்டுகள் செய்ய ஆரம்பித்தன. ஆல்டேர் பயன்படுத்தாமல் விட்ட பின்களை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்தின் கார்டு தனியாக ஓடும், இன்னொரு நிறுவனத்தின் கார்டும் தனியாக ஓடும். இரண்டையும் ஒரே பெட்டியில் சொருகினால் தகராறு. உங்கள் பையன் இன்று சொல்வதும் இதே வாக்கியம்தான். எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு பொதுத் தரநிலை வந்தது 1983-ல். அதற்குள் சந்தை ஐ.பி.எம். பக்கம் போய்விட்டது.

மோடம் பேசினால் மவுஸ் உறையும்

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் வேறு வகைத் தகராறு. ஸ்லாட் பொருந்தும், மின்சாரமும் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு கார்டும் "என்னைக் கவனி" என்று பிராசஸரைக் கூப்பிட ஒரு மணிக்கயிறு வேண்டும். இன்டரப்ட் என்று பெயர். முதலில் இருந்தவை எட்டு, 1984-ல் பதினாறாக்கினார்கள். அவற்றில் பாதி கீபோர்டு, டிஸ்க், கடிகாரம் என்று முன்பே போய்விட்டன. முதல் சீரியல் போர்ட்டுக்கும் மூன்றாவது சீரியல் போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே கயிறு, நான்காம் எண்.

1995 ஆகஸ்டில் வி.எஸ்.என்.எல். இணையச் சேவை தொடங்கிய பிறகு, கம்ப்யூட்டர் வைத்திருந்த சிலர் மோடம் கார்டு வாங்கிப் போட்டார்கள். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். மவுஸ் முதல் போர்ட்டில், மோடம் மூன்றாவது போர்ட்டில். மவுஸ் நன்றாக ஓடும். மோடம் டயல் செய்ய ஆரம்பித்ததும் மவுஸ் அப்படியே உறைந்து நின்றுவிடும். அப்போது நான் வேலை பார்த்த பள்ளியின் லேபில் இரண்டு மவுஸை மாற்றிய பிறகுதான் காரணம் கிடைத்தது. மோடம் கார்டில் இருந்த ஜம்பர், அந்தச் சின்னக் கறுப்புத் தொப்பி, அதைக் கழற்றி வேறு எண்ணில் சொருகியதும் சரியாகிவிட்டது.

இந்தச் சம்பவத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தகராறு எப்போதும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசியபோதுதான் வெளியே தெரிந்தது. பின் தகராறு எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு.

1995-ல் விண்டோஸ் 95 வந்ததும், எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று கணினியே கேட்டுப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை பரவியது. 1996-ல் யு.எஸ்.பி. வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஜம்பர் மாற்றும் வேலை மெல்ல மறைந்தது. மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு அந்த வசதி வந்து சேரவில்லை. பின்களைப் பங்கிட்டுக் கொடுக்க அங்கே ஆள் இல்லை. அந்த வேலை இன்றைக்கும் மாட்டுகிறவர் தலையில்தான்.

ஆர்டுயினோ: இருபது நாற்காலி

2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் பிறந்தது ஆர்டுயினோ. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களும் மலிவாக வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். இன்று கிட்டுகளில் அதிகம் வருவது ஊனோ என்ற மாடல், 2010-ல் வந்தது.

அதன் நடுவில் இருக்கும் ஐ.சி.க்கு 28 கால்கள். மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் அவை சார்ந்த வேலைகளுக்கும் 5, கிரிஸ்டலுக்கு 2, ரீசெட்டுக்கு 1. கழித்தால் மிச்சம் 20. அதில் 14 டிஜிட்டல், 6 அனலாக். உங்கள் மாட்யூல்கள் எல்லாம் உட்கார வேண்டியது இந்த இருபது நாற்காலியில்தான். இதிலும் பல நாற்காலிகளுக்கு முன்பதிவு உண்டு.

0, 1 ஆகிய இரண்டும் சீரியல் பின்கள். கம்ப்யூட்டரில் இருந்து புரோகிராம் ஏற்றும் யு.எஸ்.பி. பக்கமும் இதே இரண்டில்தான் பேசுகிறது.

11, 12, 13 மூன்றும் எஸ்.பி.ஐ. என்ற வேகமான பொதுப்பாதை. எஸ்.டி. கார்டு போன்றவை இதைத்தான் கேட்கும்.

ஏ4, ஏ5 இரண்டும் ஐ-ஸ்கொயர்-சி என்ற பொதுப்பாதை. 1982-ல் பிலிப்ஸ் நிறுவனம் டி.வி. பெட்டிக்குள் ஐ.சி.க்களை இணைக்க உருவாக்கியது. இரண்டே வயரில் பல கருவிகள் பேசலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு, கூப்பிட்ட எண்ணுக்கு உரியவர் மட்டும் பதில் சொல்வார். ஒரே பின்னை எல்லாரும் கேட்கிறார்களே என்ற பிரச்சினைக்குக் கிடைத்த மிக அழகான பதில் இது.

இன்னொரு வேடிக்கை. ஊனோவில் 7-க்கும் 8-க்கும் இடையே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மற்றவற்றைப் போல 2.54 அல்ல, சுமார் 4 மில்லிமீட்டர். வரைபடத்தில் நேர்ந்த ஒரு பிசகு. கவனித்துத் திருத்துவதற்குள் அந்த இடைவெளிக்கு ஏற்ற ஷீல்டு போர்டுகள் சந்தையில் பரவிவிட்டன. திருத்தினால் அவை எல்லாம் பொருந்தாமல் போகும். அதனால் பிசகையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். பல லட்சம் பேர் மேசையில் இன்று அதுவே தரநிலை. பின் அமைப்பில் அறிவியல் எவ்வளவு உண்டோ, அவ்வளவு சரித்திரமும் உண்டு.

முடிச்சூர்ப் பெண்ணின் எச்சரிக்கைக் கருவி

2015 டிசம்பர் முதல் வாரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அதன் பிறகு நான் போன அறிவியல் கண்காட்சிகளில் எல்லாம் நீர்மட்ட எச்சரிக்கைக் கருவி ஒன்றாவது இருக்கும். பிள்ளைகள் அதை விளையாட்டுக்குச் செய்வதில்லை.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் மகள், பத்தாம் வகுப்பு, அப்படி ஒன்றைச் செய்தாள். கம்பத்தின் மேலிருந்து தண்ணீர் மட்டத்தை அளக்க அல்ட்ராசோனிக் சென்சார், மழை சென்சார், நேரம் சொல்லும் கடிகார மாட்யூல், கம்பம் சாய்ந்தால் அறிய ஒரு சாய்வு சென்சார், எல்.சி.டி., அளவுகளைப் பதிய எஸ்.டி. கார்டு, எஸ்.எம்.எஸ். அனுப்ப ஜி.எஸ்.எம். மாட்யூல். தனித்தனியே எல்லாம் ஓடின, சேர்த்தால் ஓடவில்லை. ஐந்து தகராறுகள் இருந்தன. ஐந்துக்கும் மேலே சொன்ன வரலாற்றில் பதில் உண்டு.

முதலாவது, புரோகிராம் ஏறவில்லை. ஜி.எஸ்.எம். மாட்யூல் 0, 1-ல் மாட்டியிருந்தது. கம்ப்யூட்டர் பேசும் அதே வயரில் அதுவும் பேசியது. 2, 3-க்கு மாற்றி, புரோகிராமில் சாஃப்ட்வேர் சீரியல் என்ற நூலகத்தைச் சேர்த்தோம்.

இரண்டாவது, எல்.சி.டி.யில் எழுத்து வரவில்லை. அதை மேல் மூலையில் இருக்கும் எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். பின்களில் மாட்டியிருந்தாள், மழை சென்சாரை ஏ4-ல். இவை வேறு வேறு பின்கள் என்று யாருக்கும் தோன்றும். ஊனோவின் மூன்றாம் பதிப்பில் சேர்த்த அந்த மூலைப் பின்கள் புதியவை அல்ல. ஏ4, ஏ5 வயருக்கே இன்னொரு வாசல். மழை சென்சாரை ஏ0-வுக்கு மாற்றியதும் எழுத்து வந்தது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ வயர் 12-ல் இருந்தது. எஸ்.டி. கார்டுக்கும் 12 வேண்டும். மேசையில் கார்டு இல்லாமல் சோதித்தபோது அளவு சரியாக வந்தது. கார்டு பேச ஆரம்பித்ததும் அளவு தாறுமாறாகப் போனது. மோடமும் மவுஸும் செய்த அதே வேலை. மேசையில் சரியாக ஓடி, வெள்ளம் வரும் இரவில் தப்புக் கணக்குச் சொல்லும் கருவியை நினைத்துப் பாருங்கள். கருவியே இல்லாவிட்டால் மக்கள் தாங்களே விழித்திருப்பார்கள். அதை நம்பித் தூங்கிவிட்டால்? சென்சாரை 5, 6-க்கு மாற்றினோம்.

நான்காவது, நேரமும் சாய்வும் தவறாக வந்தன. பின் சரியாகத்தான் இருந்தது, இரண்டும் பொதுப்பாதையில்தான் இருந்தன. ஆனால் டி.எஸ். 3231 கடிகாரத்துக்கும் எம்.பி.யு. 6050 சாய்வு சென்சாருக்கும் முகவரி எண் ஒன்றே, பதினாறடி எண்முறையில் 68. ஐ-ஸ்கொயர்-சி முகவரிக்கு 7 பிட் என்பதால் மொத்தம் 128 எண்கள், அதில் 16 ஒதுக்கியவை, மிச்சம் 112. உலகத்தில் இருக்கிற அத்தனை சென்சாருக்கும் 112 எண் எப்படிப் போதும்? நம் பக்கத்தில் ஒவ்வொரு நகரிலும் ஒரு முதல் குறுக்குத் தெரு இருப்பது போலத்தான். நகரின் பெயர் இல்லாமல் கூரியர்காரர் என்ன செய்வார்? கடிகாரத்தின் எண்ணை மாற்ற முடியாது. சாய்வு சென்சாரில் ஏ.டி.0 என்றொரு பின் உண்டு. அதை 3.3 வோல்ட்டோடு இணைத்தால் எண் 69 ஆகிவிடும். ஒரே வயரில் தீர்ந்தது.

ஐந்தாவது, எஸ்.எம்.எஸ். அனுப்பும் கணத்தில் போர்டு அணைந்து அணைந்து எரிந்தது. இது பின் தகராறு போலத் தெரிந்தாலும் மின்சாரத் தகராறு. அவளிடம் இருந்த ஜி.எஸ்.எம். மாட்யூலுக்கு வேண்டியது சுமார் 4 வோல்ட். சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். போர்டின் 5 வோல்ட் பின் அதைத் தாங்காது. தனி பவர் சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் போர்டோடு பொதுவாக்கினோம். போர்டிலிருந்து மாட்யூலுக்குப் போகும் 5 வோல்ட் சிக்னலை இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்தோம். கூடவே ஒன்று: அந்த மாட்யூல் 2ஜி. ஜியோ சிம் அதில் வேலை செய்யாது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு வயரையும் மாட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். பின் எண், யார் கேட்கிறார்கள், எத்தனை வோல்ட், வேறு இடத்துக்கு மாற முடியுமா.

மாற முடியாதவர்களை முதலில் உட்கார வையுங்கள். எஸ்.டி. கார்டுக்கு 11, 12, 13, தேர்வுப் பின்னாக 10. பொதுப்பாதைக்காரர்களுக்கு ஏ4, ஏ5. 0, 1 கம்ப்யூட்டருக்கே இருக்கட்டும். பஸ்ஸர், எல்.இ.டி., அல்ட்ராசோனிக் எல்லாம் எங்கே வேண்டுமானாலும் உட்காரும், அவை கடைசிப் பந்தி. ஊனோவில் இடம் போதவில்லை என்றால் மெகா என்ற பெரிய போர்டு உண்டு. ஆனால் அதில் எஸ்.பி.ஐ. பின்கள் 50, 51, 52. ஐ-ஸ்கொயர்-சி 20, 21. ஊனோவுக்குப் போட்ட தாளை அப்படியே அதற்கு நகல் எடுக்காதீர்கள்.

பொதுப்பாதையில் இரண்டு கருவிகள் இருந்தால் முகவரி எண்களையும் அதே தாளில் எழுதுங்கள். வயரை மாற்றும் முன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஒன்றொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பேச வைத்து ஒரு இரவு முழுக்க ஓட விடுங்கள். தனித்தனியே சோதிப்பது சோதனையே இல்லை என்று மேலே பார்த்தோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "ஓடலை" என்று பிள்ளை வந்து நின்றால், "வேற கிட் வாங்கித் தரேன்" என்று சொல்லாதீர்கள், "இதெல்லாம் உனக்கு எதுக்கு" என்றும் சொல்லாதீர்கள். "யாரும் யாரும் ஒரே பின்னைக் கேட்கறாங்க, எழுதிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதே இல்லை. தாளும் பென்சிலும் போதும்.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். நீங்கள் சந்தித்த பின் தகராறுகளையும், எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளைகள் படிப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் ஆசிரியர்,
சேலையூர்.